கூடியிருக்கிறது, அவ்வளவுதான்

தம்பி,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நான் உயிரோடுதான் இருக்கிறேன். காலையில் ரொட்டியும் கட்டச் சம்பலும் சாப்பிட்டேன். சம்பலில் உப்புக் கூட என்று உன் அம்மாவோடு சண்டை போட்டேன். கட்டுகஸ்தோட்டைப் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டு, வழக்கம்போலத் தாமதமாக வந்து கடையைத் திறந்தேன். இப்போது கல்லாவுக்குப் பின்னால் கதிரையில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதுகிறேன். பெற்ற பிள்ளைக்கு ஒரு கடிதத்தை இப்படித் தொடங்க வேண்டியிருக்கிறதே என்று எனக்கே எரிச்சலாக வருகிறது. ஆனால் இந்த இரண்டு மாதமாக நீ போட்ட ஆட்டத்தைப் பார்த்த பிறகு, என் கையெழுத்தைக் கண்டவுடனே மரண சாசனம் என்று நினைத்து விமான டிக்கெட் எடுத்துவிடுவாய் என்ற பயம் எனக்கு. போனில் சொல்லலாம்தான். போனில் நான் ஒரு வசனத்தைத் தொடங்கினால் அதை நீ முடிக்கிறாய், அதுவும் நான் நினைத்தே பார்க்காத ஓர் இடத்தில் கொண்டுபோய் முடிக்கிறாய். குரல் பதிவு அனுப்பினால் பாதி கேட்டுவிட்டு அழைக்கிறாய். அதனால் கையால் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புகிறேன். தோஹாவில் உன் அலுவலகத்தில் வைத்து வாசிக்காதே. வீட்டுக்குப் போய், சாப்பிட்டுவிட்டு, ஆறுதலாக வாசி.

நடந்தது என்னவென்று இன்னும் உனக்குச் சரியாகத் தெரியாது. உனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா அழுதது மட்டும்தான். எனக்குச் சிறுநீர் போகும்போது எரிந்தது, இரவில் அடிக்கடி எழும்ப வேண்டியும் இருந்தது. வயசுக்கு இது சகஜம் என்று கடைக்கு வருகிற எல்லோரும் சொன்னார்கள். அவர்கள் யாரும் டொக்டர் இல்லை என்பதால் நான் கண்டிக்குப் போய் ஒரு டொக்டரைப் பார்த்தேன். அவர் இரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்று ஒன்றைப் பார்க்கச் சொன்னார். ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கிற ஒரு சுரப்பியிலிருந்து வருகிற சாமானாம் அது. அந்தச் சுரப்பிக்குத் தமிழில் முன்னிற்கும் சுரப்பி என்று பெயராம், பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே இருந்ததாக உன் அம்மா சொல்கிறாள். எங்கள் வாத்தியார் அந்தப் பாடம் வந்ததும் வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள் என்று தாண்டிவிட்டார். யாரும் வீட்டிலும் வாசிக்கவில்லை. ரிப்போட்டில் அந்த எண் இருக்க வேண்டியதைவிட மேலே இருந்தது. டொக்டர் கையுறையைப் போட்டுக்கொண்டு என்னைச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கச் சொன்னார். அதற்குமேல் எழுத மாட்டேன். வயதானால் வெட்கம் போய்விடும் என்று சொல்கிறார்களே, அது சுத்தப் பொய்.

அந்த டொக்டர் சிங்களவர். முன்பு மட்டக்களப்பில் வேலை செய்தபோது கற்றுக்கொண்ட தமிழ். நிதானமாக, ஒவ்வொரு சொல்லையும் தேடியெடுத்துச் சொன்னார். “ஐயா, இது கூடி இருக்கு. அவ்வளவுதான். ஏன் கூடினது என்று இன்னும் தெரியாது. சலத்தில கிருமி இருக்கு. அதனாலயும் கூடும். வயசு போனா சுரப்பி பெருக்கும், அதனாலயும் கூடும். சில ஆக்களுக்குப் புற்றுநோயாலயும் கூடும். முதல்ல கிருமிக்கு மருந்து தாறன். கொஞ்ச வாரம் போகட்டும், பிறகு திரும்பப் பார்ப்பம்.” இவ்வளவுதான் நடந்தது. புற்றுநோய் என்ற சொல்லை அவர் மறைக்கவும் இல்லை, அழுத்திச் சொல்லவும் இல்லை. பஸ்ஸில் வரும்போது அந்தச் சொல் என் மடியில் உட்கார்ந்திருந்தது உண்மைதான். ஆனாலும் வீட்டுக்கு வந்து அன்றைக்கே உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

கெட்டுப்போனது அதற்குப் பிறகுதான். டொக்டர் சொன்ன அதே சொல்லைத்தான் உன் அம்மா உனக்குப் போனில் சொன்னாள். “அப்பாவுக்குக் கூடிப் போச்சு தம்பி” என்றாள். அவள் சொன்னது ரிப்போட்டில் இருந்த எண்ணை. நீ கேட்டது வேறு. நம் பக்கத்தில் சீனி விலை ஏறினாலும் கூடிப் போச்சுதான், மகாவலியில் தண்ணீர் ஏறினாலும் கூடிப் போச்சுதான். ஆனால் ஒரு மனுஷனுக்குக் கூடிப் போச்சு என்று யாராவது அழுதுகொண்டு சொன்னால், நோய் வருத்தம் முற்றிவிட்டது, இன்றைக்கோ நாளைக்கோ, முகம் பார்க்க வேண்டியவர்கள் வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று பொருள். அம்மா அழுதது தப்புத்தான், ஒத்துக்கொள்கிறேன். அவள் டெலிவிஷன் நாடகத்துக்கே அழுகிறவள். ஆனால் நீ கணக்காளன். நாள் முழுவதும் எண்களோடு உட்கார்ந்திருக்கிறவன். என்ன கூடிப் போச்சு என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கக் கூடாதா? கேட்காமல் போனை வைத்துவிட்டுக் கெலிஓயாவில் இருக்கிற உன் மாமாவை அழைத்தாய். அவர் தெல்தோட்டைச் சொந்தங்களை அழைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. நான் சாரத்தோடு, மேல் சட்டை இல்லாமல், மேசையில் உட்கார்ந்து இடியாப்பம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. இறங்குகிறவர்கள் எல்லோரும் செத்த வீட்டு வெள்ளை உடுப்பில். உன் அத்தை கேற்றைப் பிடித்துக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டாள். “ஐயோ அண்ணே! எங்கள விட்டுட்டுப் போயிட்டீங்களே!”

“எங்க போனேன்? இங்கதான் இருக்கேன். உள்ள வாங்க” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், சொதியைப் பார்த்தாள். “என்னண்ணே, நல்லா உக்காந்து சாப்பிடுறீங்க?” என்றாள். சந்தோஷத்தில் சொன்னதாகத் தெரியவில்லை. இவ்வளவு தூரம் வரவழைத்துவிட்டு இப்படிச் செய்யலாமா என்று கேட்பது மாதிரி இருந்தது. உன் மாமா பின்னால் நின்றுகொண்டு காலைத் தரையில் தேய்த்தார்.

“மச்சான், தம்பி போன்ல கதறுனான். கடைசி நேரம்னு சொன்னான். நான் பந்தல்காரனுக்கும் சொல்லி வச்சிட்டேன்.”

“வேணாம்னு சொல்லுங்க.”

“இப்பவே சொல்லிறவா?”

“பின்ன எப்ப சொல்றது?”

வந்தவர்கள் எல்லோருக்கும் உன் அம்மா பகல் சாப்பாடு சமைத்தாள். கோழி வாங்கப் போனது நான். இறந்தவன் கோழி வாங்கப் போனதை நம் தெரு முழுக்கப் பார்த்தது. மாற்றிக் கட்ட வேறு உடுப்புக் கொண்டு வராததால், வந்தவர்கள் மாலை வரைக்கும் வெள்ளையோடு வாசலில் நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். மேல் வீட்டுக்காரர்கள் சிங்களத்தில் அனுதாபம் சொல்ல வந்தார்கள், என்னிடமே சொன்னார்கள். அன்றைக்கு நான் உன்மேல் கோபப்பட்டதைவிட, இப்போது எழுதும்போது அதிகமாகக் கோபம் வருகிறது. அன்றைக்கு எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்து, எனக்கு ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததில் கோபப்பட நேரம் கிடைக்கவில்லை.

பிறகு நீயே வந்து இறங்கினாய். கையில் ஒரு கட்டுக் காகிதம், இணையத்தில் இருந்து அச்செடுத்தது. கொழும்பில் ஓர் ஆஸ்பத்திரியில் பேசியாகிவிட்டது, அது சரிவராவிட்டால் சென்னையில் ஒன்று, விசாவுக்குக்கூட ஆள் பிடித்தாகிவிட்டது. என் உடம்பைப் பற்றி இவ்வளவு ஏற்பாடு நடந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியாது. வேலிக்குப் பின்னால் நின்று பேசுவது போல அம்மாவோடு குசினியில் குசுகுசுத்தாய். எனக்கு உப்பை நிறுத்தினாய். அந்தச் சுரப்பிக்கு நல்லதாம் என்று ஒரு தக்காளிப் பழம் விடாமல் என் வாயில் திணித்தாய். என் சைக்கிளைப் பூட்டிச் சாவியை ஒளித்துவைத்தாய். சோதனைக்கு முன்னால் ஒன்றிரண்டு நாள் சைக்கிள் ஓட வேண்டாம், அதுவும் அந்த எண்ணைக் கூட்டிக் காட்டும் என்றுதான் டொக்டர் சொல்லியிருந்தார். நீ சைக்கிளையே குற்றவாளியாக்கிவிட்டாய்.

டொக்டரிடமும் வந்தாய். வந்து அவரை ஒரு சொல் பேசவிட்டாயா? “அப்பா, வெட்டி எடுத்துருவோம். எடுத்துட்டா நிம்மதி” என்று என்னிடம் சொன்னாய். யாருக்கு நிம்மதி என்று கேட்டேன். டொக்டர் உன்னிடம் ஆங்கிலத்தில் விளக்கினார். என்ன என்று தெரியாத ஒன்றை வெட்ட முடியாது, அவசரப்பட்டு வெட்டினால் சிறுநீரை அடக்க முடியாமல் போகலாம், ஆண்மைக்கும் கேடு வரலாம், உண்மையாகவே புற்றுநோயாக இருந்தாலும் எல்லாமே வெட்ட வேண்டியவை இல்லை என்றார். குடும்பத்தில் அப்படி ஒன்று இருந்தால் மகன்மாரும் அந்த வயது வரும்போது ஒரு டொக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். அதை மட்டும் நீ காதில் வாங்கவில்லை. பிறகு அவர் என் பக்கம் திரும்பி, “ஐயா, நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்றார். தம்பி, அத்தனை நாளில் அதை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான். கிருமி போகட்டும் டொக்டர், பிறகு நீங்கள் சொன்னபடியே பார்ப்போம் என்றேன். நீ கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து போனாய். டொக்டர் முன்னால் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தாயா?

நான் ஹாட்வெயர் கடைக்காரன், எனக்குத் தெரிந்ததை வைத்துச் சொல்கிறேன். தண்ணீர் பில் திடீரென்று ஏறியது என்று ஒருவர் பதறிக்கொண்டு வந்தார். நிலத்துக்குக் கீழே குழாய் உடைந்துவிட்டது என்று அவரே முடிவு கட்டிவிட்டார். முதலில் வீட்டில் ஒவ்வொரு பைப்பாகப் பாருங்கள் என்றேன், கேட்கவில்லை. குளியலறை மாபிள் கல்லை எல்லாம் உடைத்துத் தோண்டினார். கடைசியில் பார்த்தால் மலசலகூடத் தண்ணீர்த் தொட்டியில் ஒரு ரப்பர் வாஷர் தேய்ந்து, தண்ணீர் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்திருக்கிறது. மீற்றர் ஓடியது உண்மை. ஏன் ஓடியது என்பதைத்தான் அவர் பொறுமையாகத் தேடவில்லை. சில வீட்டில் குழாய் கீழேதான் உடைந்திருக்கும், அப்போது தோண்டத்தான் வேண்டும், அதுவும் எனக்குத் தெரியும். நான் தோண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைத்தான் உனக்கு எத்தனை விதமாகச் சொல்வது என்று எனக்கு விளங்கவில்லை.

இதற்கிடையில் கட்டுகஸ்தோட்டைக் கடைவீதி முழுக்க என் செய்தி பரவிவிட்டது. ஆணி வாங்க வருகிறவர்கள் கையில் அப்பிள் பழத்தோடு வந்தார்கள். பக்கத்துப் புடவைக் கடை ஹாஜியார் ஒருநாள், கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, பெயின்ற் வாளிகளுக்குப் பின்னால் என்னைக் கூட்டிப்போனார். “மொதலாளி, ஒங்களுக்கும் அதா? எனக்கு அது எவ்வளோ காலமா கூடித்தான் ஈக்கிது. சொன்ன நேரத்துக்குப் போற, ரெத்தம் குடுக்கிற, வார. வேற ஒண்டும் செய்யல்ல.”

“ஒருத்தருக்கும் சொல்லலையே ஹாஜியார்?”

“நீங்க மட்டும் சொன்னீங்களா? ஒங்கட மகன்தானே சொல்லீக்கிறான்” என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதன் பிறகு ஒவ்வொருவராக அதே பெயின்ற் வாளிப் பக்கம் வந்தார்கள். சிலருக்கு இருந்ததாம், சிலர் எங்கே பார்ப்பது என்று கேட்டார்கள், ஒருவர் அந்தக் கையுறைச் சங்கதி உண்மையா என்று கேட்டார். இத்தனை காலம் ஒரே தெருவில் கடை வைத்திருக்கிறோம், விலைவாசியும் கிரிக்கெட்டும் தவிர ஒன்றும் பேசியதில்லை. இதற்காக உனக்கு நன்றி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நடந்ததை மறைக்கவும் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

உன் பதற்றம் எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்துப் பார்க்காமல் இல்லை. உன் தாத்தாவின், என் அப்பாவின், கதை உனக்குப் பாதிதான் தெரியும். தெல்தோட்டைத் தோட்டத்தில் அவர் வேலை செய்த காலத்தில் அவருக்குச் சிறுநீர் போவதில் கஷ்டம். முதுகுவலி என்றே எல்லோருக்கும் சொல்லிவந்தார். தோட்டத்து டிஸ்பென்சரியிலும் முதுகுவலி என்றுதான் சொன்னார், அவர்களும் முதுகுவலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். ஒட்டுமொத்தமாக அடைத்துக்கொண்ட பிறகு லொறியில் ஏற்றிக் கண்டிக்குக் கொண்டுவந்தோம். எவ்வளவு நாளாக இப்படி என்று டொக்டர் கேட்டார். “நேத்துலேருந்துதாங்க” என்றார் உன் தாத்தா. நான் பக்கத்தில் நின்றேன். சாகிற நேரத்திலும் வெட்கப்பட்டார். அவருக்கு இருந்தது இதே வருத்தமா, வேறா என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. நான் வீட்டுக்கு வந்த அன்றே அம்மாவிடம் வாயைத் திறந்தது அவரை நினைத்துத்தான். அவர் யாருக்கும் சொல்லாமல் செத்தார். நீ எல்லோருக்கும் சொல்லி என்னைச் சாகடித்தாய். இரண்டுக்கும் நடுவில் ஒரு மனுஷன் ஒழுங்காக வருத்தம் பார்க்க இந்தக் குடும்பத்தில் வழியே இல்லையா?

நீ திரும்பிப் போன அன்று வாசலில் வைத்துக் கேட்டாயே, “ஒங்களுக்கு இன்னும் கொஞ்ச நாள் வாழணும்னு ஆசையே இல்லையாப்பா?” என்று. கேட்டுவிட்டு வாகனத்தில் ஏறிக் கதவை அடித்தாய். அப்போது அம்மா பக்கத்தில் நின்றாள். இப்போது சொல்கிறேன். ஆசை இருக்கிறது. நிறைய இருக்கிறது. உன் மகள் இங்கே வந்திருந்து, என்னோடு சிங்களம் கலந்து கதைப்பதைக் கேட்க ஆசை. இந்தக் கடையை யாருக்காவது ஒப்படைத்துவிட்டு அம்மாவோடு நாலு ஊர் பார்க்க ஆசை. ஆசை இல்லாதவன் டொக்டரிடம் போக மாட்டான், மருந்தை நேரத்துக்கு விழுங்க மாட்டான். நான் சத்தம் போடாமல் இருக்கிறேன் என்பதற்காக எனக்கு அக்கறை இல்லை என்று எப்படி முடிவு கட்டினாய்? அந்தக் கேள்வி என்னை நோகடித்தது, தம்பி. வேன் வந்ததைவிட, வெள்ளைச் சேலைகளைவிட, அதுதான் நோகடித்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நேற்றுப் பின்னேரம் இரண்டாவது ரிப்போட் வந்தது. கிருமி போய்விட்டது. அந்த எண் குறைந்திருக்கிறது. ஆனால் இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கவில்லை. அடுத்ததாக எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதில் சந்தேகமாக ஏதாவது தெரிந்தால் ஊசியால் சதை எடுத்துப் பார்ப்பார்கள். தெரியாவிட்டால் ஹாஜியாரைப் போல இரத்தம் கொடுத்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். எது வந்தாலும் செய்வேன். வெட்டத்தான் வேண்டும் என்று வந்தால் அதையும் செய்வேன், அப்போது உன் கொழும்பு ஆஸ்பத்திரியைப் பற்றியும் கேட்பேன். இது எதுவும் இன்றைக்குத் தீர்மானிக்க வேண்டியது இல்லை.

அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. இன்று கடை பூட்டிவிட்டுப் போய்ச் சொல்வேன். அவள் அழுவாள், நான் தேற்றுவேன். அதற்கு முதல் ஒரு ஆளிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது, அதனால்தான் காலையிலிருந்து வியாபாரத்தைக் கவனிக்காமல் எழுதிக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. முதல் ரிப்போட்டுக்கே பயந்தேன். அப்போது உன்னைத் தேற்றினேன், அம்மாவைத் தேற்றினேன், வேனில் வந்த அத்தனை பேரையும் சோறு போட்டுத் தேற்றினேன். எனக்குப் பயப்பட முறையே வரவில்லை. நீ பதறுகிற ஒவ்வொரு முறையும் என் பயத்தை நான் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உன்னைப் பார்க்க வேண்டியிருக்கிறது. நான் உன்மேல் எரிந்து விழுந்ததற்கெல்லாம் காரணம் இதுதான். கடிதம் எழுதத் தொடங்கும்போது எனக்கே இது தெரியாது.

ஸ்கேன் திகதி வந்ததும் அறிவிக்கிறேன். நீ லீவு போட்டு வா. ஆம், வா என்றுதான் எழுதுகிறேன், திரும்ப வாசித்துப் பார்க்காதே. காகிதக் கட்டு வேண்டாம், தக்காளி வேண்டாம், ஆஸ்பத்திரிப் பட்டியல் வேண்டாம். டொக்டரிடம் ஒன்றும் பேச வேண்டாம். மாமாவுக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அந்த அறைக்கு வெளியே கதிரை போட்டிருப்பார்கள். என் செருப்பையும் கைக்கடிகாரத்தையும் உன்னிடம் தருவேன். அதை வைத்துக்கொண்டு அந்தக் கதிரையில் உட்கார்ந்திரு. நான் உள்ளே போய்விட்டு வருகிறேன்.

அப்பா